படிப்பைத் தடுத்தவருக்கு என்ன தண்டனை?

கல்வி தேடிச் சீனா வரைக்கும் போகச் சொன்ன மார்க்கம் என்று இஸ்லாத்தைப் பாராட்டாத ஆண்டுவிழா மேடை காரைக்கால் பக்கம் அநேகமாகக் கிடையாது. பேசுகிறவர் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. மத நல்லிணக்கம் பேச வந்த எம்.எல்.ஏ.வும் சொல்வார், கறுப்புச் சட்டைத் தோழரும் சொல்வார். கைதட்டல் நிச்சயம்.

ஒரே ஒரு சிக்கல்: நபிகள் அப்படிச் சொன்னார் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. இதைக் கண்டுபிடித்தது ஐரோப்பிய ஆராய்ச்சியாளரும் இல்லை, நம்மூர் நாத்திகரும் இல்லை. நபிகள் பெயரில் வரும் செய்திகளை ஆராயும் ஹதீஸ் கலை வல்லுநர்களே கண்டுபிடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் ஜவ்ஸி, நபிகள் பெயரில் இட்டுக்கட்டிச் சொல்லப்பட்டவற்றுக்கென்றே ஒரு தொகுப்புச் செய்தார். சீனா அதில் இருக்கிறது. யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்திருக்க முடியுமா, சொன்னவரின் நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று ஒவ்வொரு செய்திக்கும் ஆள் ஆளாக விசாரித்த கூட்டம் அது. அறிஞரின் பேனா மையைத் தியாகியின் ரத்தத்துக்கு மேலே வைத்துப் பேசும் இன்னொரு பிரபல வாசகமும் இந்த விசாரணையில் தேறவில்லை.

தங்களைப் பெருமைப்படுத்துகிற, மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்கித் தருகிற வாசகத்தையே ஆதாரம் போதாது என்று தள்ளிவைத்தார்கள் பாருங்கள், அந்தக் காரியம் எனக்கு அந்த வாசகத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. அப்படித் தள்ளியவர்களின் பெயரைச் சொல்லி வாழ்கிறவர்கள், எண்ணூறு ஆண்டு கழித்தும் தள்ளிய சரக்கையே மைக்கில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மிஞ்சுவது இன்னொரு செய்தி. அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்பது. இப்னு மாஜாவின் தொகுப்பில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையிலும் வாதப் பிரதிவாதம் உண்டு. ஆனால் கருத்தை மறுக்கும் ஆலிம் அபூர்வம். இது சீனாவைவிடச் சங்கடமான வாசகம். சீனாவுக்குப் போகாதவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. கடமை என்று வந்துவிட்டால் அதைச் செய்யாதவர் உண்டு, செய்யவிடாமல் தடுத்தவர் உண்டு, ஆகவே குற்றவாளி உண்டு.

குற்றவாளி யார் என்பதை இமாம் கஸ்ஸாலி 900 ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். 1111இல் காலமான அவர், அறிவை இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றாகவேண்டியது ஒன்று. ஊரில் சிலராவது கற்றிருக்கவேண்டியது இன்னொன்று. மருத்துவமும் கணக்கும் இரண்டாவது வகை. ஊரில் ஒருவர்கூட அதைக் கற்கவில்லையென்றால் ஊர் முழுவதும் பாவத்தைச் சுமக்கும். பல ஊர்களில் மருத்துவம் பார்க்க முஸ்லிம் ஒருவர்கூட இல்லை, ஆனால் எல்லோரும் மார்க்கச் சட்டம் படிக்கவே முண்டியடிக்கிறார்களே என்று அவர் எரிச்சல்பட்டதும் இப்படிப் பிரித்துச் சொன்ன அதே நூலில் இருக்கிறது. சட்டம் படித்தால் பதவி கிடைக்கும், செல்வாக்கு வரும், அதனால்தான் அந்தக் கூட்டம் என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறார். அந்தக் கூர்மையை நினைத்தால் அவர் தத்துவவாதிகளைத் திட்டியதைக்கூட மன்னித்துவிடலாம்.

இந்தக் கஸ்ஸாலி அளவுகோலை எடுத்துக்கொண்டு காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரிமேட்டுக்கு வாருங்கள். மீனவர் குடியிருப்பு, பெரும்பாலும் இந்துக்கள். இஸ்லாம் பற்றிய கட்டுரைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். 609609 என்ற அஞ்சல் எண்ணில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். திருவேட்டக்குடியில் மத்திய அரசின் என்.ஐ.டி. கீழகாசாக்குடிமேட்டில் தனியார் மருத்துவக் கல்லூரி. இரண்டும் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரம். பொறியாளரும் மருத்துவரும் தயாராகிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்த வகுப்பறைகளுக்கு எத்தனை பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்து ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பார்க்கட்டும். ஊர் முழுவதும் பாவம் சுமக்குமா என்ற கேள்வி முஸ்லிம் தெருவோடு நிற்கிற கேள்வியாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடலில் அறிவுக்கு மதம் இருந்ததில்லை. வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "இப்பெல்லாம் ஜி.பி.எஸ். வந்துருச்சே அண்ணே, கடலைப் பாக்குற வேலை மிச்சம்தானே?" என்றேன். "மிசினு இடத்தச் சொல்லும் தம்பி. தண்ணி எப்படி ஓடுதுன்னு நான்தான பாக்கணும்?" என்றார். ஜி.பி.எஸ். வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பு சோழமண்டலக் கடலோடிகள் கையில் இருந்தது ராப்பலகை. உள்ளங்கையில் அடங்குகிற மரத்துண்டு, நடுவில் ஒரு துளை, துளையில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தில் பொருத்தவேண்டும். மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் வந்து உட்கார்ந்தால், கடித்திருக்கிற முடிச்சு எந்தத் துறைமுகத்துக்கு உரியதோ அதன் நேரில் படகு வந்துவிட்டது. நம் கடற்கரையில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு ஏறத்தாழ 11 பாகை மேலே நிற்கும்; வடக்கே போகப்போக ஏறும், தெற்கே இறங்கும். கருவியின் கணக்கு அவ்வளவுதான்.

அரபு மாலுமிகளிடமும் இதே கருவி இருந்தது; அவர்கள் அதைக் கமால் என்றார்கள். இரு பக்கமும் விரற்கிடையால்தான் அளந்தார்கள். அரபு மாலுமி நூல்கள் சோழநாட்டுக் கடலோடிகளின் கணக்கையும் எடுத்துப் பேசுகின்றன. யாரிடமிருந்து யார் கற்றார் என்று இன்று உரிமை கொண்டாடச் சண்டை போடலாம். கடலில் இருந்தவனுக்கு அது முக்கியமில்லை. முடிச்சுத் தப்பினால் படகு பாறையில் மோதும். அரபி முடிச்சா தமிழ் முடிச்சா என்று பாறை கேட்காது.

இப்படிக் கற்பதற்கு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 624இல் பத்ருப் போர். மக்காவின் குறைஷிகள் தோற்றார்கள், பலர் சிறைப்பட்டார்கள். பணம் கட்டியவர்கள் விடுதலையானார்கள். பணமில்லாத ஆனால் எழுத்தறிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் விதித்ததாக மரபு சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். சிலை வணங்குகிறவர்கள், நேற்றுவரை கொல்ல வந்தவர்கள், அவர்கள் முன்னால் தங்கள் பிள்ளைகளைச் சிலேட்டோடு உட்காரவைக்கிறது அந்தச் சமூகம். பிள்ளையின் நம்பிக்கை கெட்டுவிடுமே என்ற பயம் அங்கே வெல்லவில்லை. இன்று டார்வினைப் படித்தால் ஈமான் போய்விடும், அந்தப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சுகிற தகப்பன்மார்கள் எந்தப் பத்ரின் வாரிசு என்று சொல்லவேண்டும்.

விடை தேடி வெகுதூரம் போகவேண்டாம். கோட்டுச்சேரிமேட்டுக்குத் தெற்கே, இருபது கிலோமீட்டருக்குள், நாகூர். படகில் போகிறவர்களுக்குத் தர்காவின் பெரிய மினாரா அடையாளம். 131 அடி, கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். மீனவர்கள் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வதும் போய்வருவதும் இங்கே சாதாரணம். புலவர்கள் ஊர் என்றும் அதற்குப் பெயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட குலாம் காதிறு நாவலர் அந்த ஊர்க்காரர். அவர் வாழ்ந்த ஊரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்துக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. பன்னிரண்டு வயதில் கல்யாணம். இளவயதிலேயே கணவரை இழந்தார். 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் உ.வே.சாமிநாதையர். உ.வே.சா.வும் நாவலரும் ஒரே ஆசானிடம் படித்தவர்கள் என்பதை நினைத்தால், நாகூர் ஆணுக்குத் திறந்திருந்த அதே திண்ணை நாகூர்ப் பெண்ணுக்கு எவ்வளவு சுற்றி வந்து, எவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பது புரியும்.

இன்று அவரைத் தமிழ் முஸ்லிம் சமூகம் பெருமையோடு சொல்கிறது. மூன்றாம் வகுப்பே படித்தும் நாவல் எழுதினார் என்று வியக்கிறது. மூன்றாம் வகுப்போடு ஏன் நின்றது என்று அந்த வியப்பில் யாரும் கேட்பதில்லை. படிப்பு கடமை என்றால் அந்தச் சிறுமியின் கடமையை நிறைவேற்றவிடாமல் செய்தது யார்? தகப்பனா, தெருவா, ஜமாஅத்தா? அவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது?

அந்தக் காலம் வேறு என்பார்கள். சரி, பிந்திய காலத்துக்கு வருவோம். துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டு, சாமான் சுற்றி வந்த காகிதத்தைப் படித்து, கழிவறையில் ஒளிந்து எழுதி, சல்மா என்ற பெயரில் கவிஞரானார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். மேடை போட்டுப் பாராட்டவும் ஆள் இருந்தது. அவரோடு அதே வயதில் நிறுத்தப்பட்டு, எழுத வராமல், அடுப்படியிலேயே முடிந்துபோன பெண்களுக்கு மேடை கிடையாது, கணக்கும் கிடையாது.

குற்றச்சாட்டை அளவோடு வைக்கவேண்டும். முஸ்லிம்கள் படிக்காதவர்கள் என்ற பொதுப்பேச்சு தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பொய். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரி 73.5. நாடு முழுவதும் எடுத்தாலும் பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் ஏறத்தாழ 3 சதவீதம் பேரே முழுநேர மதரஸாவில் படிக்கிறார்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. மதரஸாவைக் காட்டிப் பூச்சாண்டி காட்டுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. ஆகவே என் வழக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது பற்றியது இல்லை. பெண் வயதுக்கு வந்த பிறகு, பிளஸ் டூ முடிந்த பிறகு, துபாய் மாப்பிள்ளை கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பது பற்றியது. மீனவர் தெருவிலும் பெயர்தான் வேறு, கதை அதுவே.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக வரும்: "அது மார்க்கம் இல்லீங்க, பழக்கம்." ஒப்புக்கொள்கிறேன். பழக்கம்தான். அப்படியானால் மார்க்கத்துக்கு எதிரான அந்தப் பழக்கத்தின் மீது ஜமாஅத் ஏன் கை வைக்கவில்லை? கல்யாணப் பதிவேடான நிக்காஹ் தப்தர் அவர்கள் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு ஜமாஅத்திலிருந்து கடிதம் வராமல் கல்யாணம் நடக்காது. வரதட்சணை வாங்கும் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று அறிவித்தவர்கள் உண்டு. அது நல்ல காரியம். ஒருவர் இன்னொருவரைத் தொழவிடாமல் பள்ளிவாசல் கதவை மறித்து நின்றால் அன்று மாலையே ஊர் கூடும். மகளைப் படிக்கவிடாமல் வீட்டுக் கதவை மறித்து நிற்கிறவருக்காக எந்த ஊரும் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் மறுநாள் முதல் வரிசையில் நின்று தொழுகிறார். இரண்டும் கடமை என்று சொல்லிக்கொண்டு, ஒன்றை மறித்தால் குற்றம், மற்றதை மறித்தால் குடும்ப விவகாரம் என்றால், இரண்டாவதைக் கடமை என்று யாரும் உண்மையில் நம்பவில்லை என்றே பொருள். ஆப்கானிஸ்தானில் 2021இல் பெண்களின் உயர்நிலைப் பள்ளியை மூடினார்கள், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். அது ஷரீஅத்துக்கே விரோதம் என்று கெய்ரோ அல்அஸ்ஹரின் தலைமை இமாம் கண்டித்தார். காபூலைக் கண்டிப்பது நம் தெருவைக் கண்டிப்பதைவிட எல்லோருக்கும் எளிது.

கற்பதில் இன்னொரு பாதி உண்டு, அதுதான் ஆபத்தான பாதி: சந்தேகப்படுவது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வேலை செய்த இப்னுல் ஹைதம், ஒளியியலில் செய்த வேலையால் உலகப் புகழ் பெற்றவர். அவர் தாலமியின் வானியலில் இருந்த முரண்களை மட்டும் பட்டியலிட்டு ஒரு தனி நூல் எழுதினார். தாலமி அப்போது ஏறக்குறைய வேதவாக்கு. பெரியவர் எழுதினார் என்பதற்காக ஏற்காதே, படிக்கிற ஒவ்வொன்றையும் எதிராளியாக நின்று தாக்கிப் பார், உன்னையும் சந்தேகப்படு என்பது அவர் வழி. இந்த மனிதரின் பெயரை இஸ்லாமியப் பொற்காலம் என்ற தலைப்பில் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் வழியில் ஒரு பையன் இன்று தன் தெருவில் ஒரு கேள்வி கேட்டால்?

கேட்டவர் ஒருவர் கோவையில் இருந்தார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நாத்திகர். 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்ட தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோர் விழுந்த அதே வரிசை; அங்கே துப்பாக்கி வேறு மதவெறியின் கையில் இருந்தது. அறிவியலாளர்களும் தப்பவில்லை. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் கட்டிய வானியல் ஆய்வுக்கூடம் 1577இல் எழுந்தது, 1580இல் இடிக்கப்பட்டது. 1979இல் நோபல் வாங்கிய அப்துஸ் ஸலாம், பாகிஸ்தான் சட்டம் முஸ்லிம் என்று ஏற்காத அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். அவர் கல்லறையில் முதல் முஸ்லிம் நோபல் அறிஞர் என்று பொறித்திருந்ததில் முஸ்லிம் என்ற சொல்லை மட்டும் அழித்தார்கள். அழித்த பிறகு அந்தக் கல்வெட்டு சொல்வது, அவர்தான் உலகத்தின் முதல் நோபல் அறிஞர் என்று. வரலாறு சில சமயம் நன்றாகவே கிண்டல் செய்கிறது.

சந்தேகத்தைக் கைவிட்ட இடத்தில் பெருமிதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மோரீஸ் புக்கைல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1976இல் எழுதிய புத்தகத்திலிருந்து, கருவியல் முதல் பெருவெடிப்பு வரை எல்லாம் ஏற்கெனவே வேதத்தில் இருக்கிறது என்ற பேச்சு பெருகிவிட்டது. விநாயகர் தலை பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைக்குச் சான்று என்று 2014இல் பிரதமரே மும்பையில் ஒரு மருத்துவமனை விழாவில் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு வேதத்தின் பெயரில்தான். வேறு யாராவது கண்டுபிடித்த பிறகே வேதத்தில் அது கண்ணில் படுகிறது; முன்கூட்டியே ஒருவரும் எடுத்துத் தந்ததில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கோட்டுச்சேரிமேட்டின் மேல் அலை ஏறியபோது, சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு உடைந்து மணிக்கணக்கு ஆகியிருந்தது. இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை மையம் இல்லை. ஐதராபாத்தில் அது 2007இல் வந்தது. கடவுளின் கோபம் என்று அப்போது எல்லா மதத்திலும் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தால் அடுத்த அலைக்கு ஐந்து நிமிடம் முன்னறிவிப்புக்கூடக் கிடைக்காது.

இனி என் கூட்டத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் யோக்கியமில்லை. 1947இல் திருச்சியில் பெரியார் பேசியது 'இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து' என்று புத்தகமாக வந்தது. பகுத்தறிவாளர்களில் பாதிப்பேருக்கு இஸ்லாம் பற்றித் தெரிந்தது அந்தத் தலைப்பு மட்டும். அதே பெரியார் பர்தாவை விட்டுவைக்கவில்லை என்பதைச் சொன்னால், இப்போது வேண்டாம், சங்கிகளுக்கு உதவும் என்கிறார்கள். சங்கிகளுக்கு எது உதவும் என்று கணக்குப் போட்டுப் பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது பகுத்தறிவு எந்த வகையில்? மறுபாதிக்கு இஸ்லாம் என்றால் வாட்ஸ்அப்பில் வந்தது. கும்பகோணம் பக்கம் பிறந்த பா.தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' நடத்தி, மூடப் பழக்கங்களைச் சாடி, ஆலிம்களோடு மோதிய கதையை நம் படிப்பகங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? தமிழ் எழுத்தில் முழுக் குர்ஆன் மொழிபெயர்ப்பு அச்சில் கிடைக்கவே 20ஆம் நூற்றாண்டில் அப்துல் ஹமீது பாகவி போன்றவர்களின் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அர்த்தம் தெரியாமல் ஓதி முடிக்கிற பிள்ளைக்கு மாலை போடுகிறார்கள் என்று சிரிக்கிறோம். 1330 குறளை ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கேடயம் கொடுப்பது யார்?

என் யோசனை சின்னது. நிக்காஹ் தப்தரில் மஹர் எழுதுகிற பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: மணமகள் எதுவரை படித்தார், நின்றிருந்தால் யார் நிறுத்தினார். நிறுத்தியவர் பெயருக்கு எதிரே ஓர் அபராதம். அந்தப் பணம் அதே பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு. மீனவர் பஞ்சாயத்தும் இதைச் செய்யலாம். கடலுக்குப் போகக்கூடாத நாளில் போனவருக்கு அபராதம் போடத் தெரிந்தவர்களுக்கு, பத்தாம் வகுப்புப் பையனைப் பள்ளியிலிருந்து எடுத்துப் படகில் ஏற்றியவருக்குப் போடவும் தெரியும். முதல் அபராதம் கட்டவேண்டியவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டுக்காரர்களாக இருப்பார்கள், பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ பெரிய தொகை எழுதுகிறவர்களாக இருப்பார்கள். ஆகவே எந்த ஜமாஅத்திலும் எந்தப் பஞ்சாயத்திலும் இது எடுபடாது என்பது என் கணிப்பு. நான் தவறு என்று நிரூபிக்க ஒரே ஒரு ஊர் போதும். காரைக்கால் மாவட்டம் முழுவதும் தேடிப் பார்க்கத் தயார்.